பொருளறிவியலில் பிஎச்டி: முதல் வருடம் பற்றி ஊரில் கேட்ட கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போடும் வேலைக்கு மாறினார். நான் பொருளறிவியலில் பிஎச்டி முடித்தேன், வேறு ஊரில். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். முனைவர் பட்டம் என்பதுதான் நல்ல தமிழ். ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, எனவே பிஎச்டி என்றே இருக்கட்டும்.

பொருளறிவியல் என்றால் பொருளாதாரமா?

இல்லை. தமிழில் 'பொருள்' என்ற சொல்லுக்குக் காசு, அர்த்தம், சாமான் என்று மூன்று வேலை. இங்கே சாமான். ஒரு சாமான் ஏன் உடைகிறது, ஏன் வளைகிறது, ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது, அதன் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, அந்த அடுக்கை மாற்றினால் குணம் எப்படி மாறும் என்று பார்ப்பது.

ஒரு தடித்த ரப்பர் வளையத்தை எடுத்துச் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். லேசாகச் சுடும். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, சட்டென்று விட்டு மறுபடி வையுங்கள், குளிரும். உள்ளே நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும் நீளமான சங்கிலிகள் இழுக்கும்போது வரிசையாக நிற்கின்றன, விடும்போது பழையபடி கலைகின்றன. வெப்பம் வருவதும் போவதும் அதனால்தான். நன்றாக இழுத்த ரப்பரில் படிகமே உருவாகிறது என்பதை 1925இல் எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டுதான் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. நம் தாத்தா பாட்டிகள் மங்கில் (மரத்தில் கட்டும் கிண்ணத்தில்) சேர்த்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைக்கும் அந்தச் சாமானைக் கந்தகத்தோடு சூடாக்கினால் நிலைக்கும் என்று சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். அப்புறம்தான் டயர், அதற்குப் பிறகுதான் தோட்டம், அதற்குப் பிறகுதான் நாமெல்லாம் இங்கே.

'மேம்பட்ட பொருட்கள்' என்று பெயருக்கு முன்னால் போட்டால் மின்கலப் பொருள், மைக்ரோசிப் பொருள், எலும்புக்குப் பதிலாக வைக்கும் பீங்கான், நானோ துகள்கள் இவையெல்லாம் உள்ளே வரும்.

டிகிரி முடிச்சாச்சு, மாஸ்டரும் முடிச்சாச்சு. இன்னும் என்ன பயிற்சி?

அதுவரை செய்த ஆய்வகப் பாடத்தில் விடை ஏற்கனவே விரிவுரையாளரின் கையில் இருக்கும். மாஸ்டரில் ஆய்வு செய்திருந்தாலும், பெரும்பாலும் யாரோ போட்ட பாதையில் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பிஎச்டியில் விடை யாரிடமும் இல்லை. இயந்திரம் ஒரு எண்ணைக் காட்டினால் அது உண்மையா, இயந்திரத்தின் குறும்பா, உங்கள் கைப்பிழையா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்தச் சந்தேகத்தைச் சரியான இடத்தில் வைக்கப் பழகத்தான் முதல் வருடம்.

அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது முதல் நாளே நல்ல மரத்தைக் கொடுத்துவிடவில்லையாம். வெட்டி அழிக்கப்போகும் கிழட்டு மரங்களில் கத்தி பிடித்துப் பழகச் சொன்னார்களாம். பட்டைக்கு உள்ளே மரம் வளரும் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகப் புடைக்கும். புத்தகத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று படிப்பது ஒன்று, விடிகாலை இருட்டில் நெற்றி விளக்கோடு அதைக் கையில் உணர்வது வேறு. பிஎச்டியின் முதல் வருடமும் கிழட்டு மரம்தான். அதில் வரும் முடிவுகளில் பாதி குப்பைக்குப் போகும், கவலைப்பட வேண்டாம்.

முதல் வருடம் எப்படிப் போகும்? பாடம் நடக்குமா, பரீட்சை இருக்குமா?

மலேசியாவில் பொருளறிவியல் பிஎச்டி பெரும்பாலும் ஆய்வு வழியில்தான். அதாவது வகுப்பும் தேர்வும் குறைவு. ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம் இருக்கும், புள்ளியியல் பட்டறை, கட்டுரை எழுதும் பட்டறை என்று சில நாட்கள் போகும். மற்ற நேரம் உங்களுடையது. அங்கேதான் சிக்கல். படிவம் 5 வரை மணியடித்து வகுப்பு நடத்தி வளர்ந்த நமக்கு, 'நீயே பார்த்துக்கொள்' என்று சொன்னால் கை கால் ஓடாது. முதல் இரண்டு மாதம் என் மேசையில் உட்கார்ந்து கட்டுரைகளை அச்சடித்து, மஞ்சள் கோடு போட்டு, அடுக்கி வைத்தேன். வேலை செய்கிற மாதிரியே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நடைமுறையில் பலருக்கும் வருடம் இப்படி நகரும். முதல் சில மாதம் வாசிப்பும் பாதுகாப்புப் பயிற்சியும். அதற்கிடையே பழைய மாணவர் ஒருவரின் பின்னால் நின்று மாதிரி தயாரிக்கப் பழகுவது. நடுவில் இயந்திரங்களுக்கான பயிற்சியும் அனுமதியும். பிறகு சின்னச் சின்ன முன்னோட்டச் சோதனைகள். கடைசியில் ஆய்வு முன்மொழிவை ஒரு குழு முன்னால் வைத்துத் தற்காத்துப் பேசுவது. எல்லோரும் அதைப் புரோபோசல் டிஃபென்ஸ் என்பார்கள். பரீட்சை என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

மாதிரி தயாரிப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

இதைச் சாதாரணமாக நினைத்துத்தான் நானும் மாட்டிக்கொண்டேன். துத்தநாக ஆக்சைடு தூள் செய்வது என் வேலை. ரப்பரை வேகவைக்கும்போது சேர்ப்பார்களே, அதே வெள்ளைத் தூள். அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு நிறுத்து எடுக்க வேண்டும். சின்ன வெள்ளை மணிகள், பார்க்கச் ஜவ்வரிசி மாதிரி. நான்கு தசமம் காட்டும் தராசில் வைத்தேன். 2.0013 என்றது. குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் 2.0021. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கதவை மூடினேன். 2.0034. கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போனது. உற்றுப் பார்த்தால் மணிகள் வியர்த்து மினுமினுத்தன.

தராசில் ஒரு குற்றமும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த மத்தியானம், அறையில் ஈரம், அந்த மணிகள் காற்றில் உள்ள தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. நான் நிறுத்தது பாதி வேதிப்பொருள், கொஞ்சம் நிபோங் திபால் மழை என்று நண்பன் கிண்டல் செய்தான். ஊர் வேறு, மழை ஒன்றுதான். குளிர்நாட்டில் எழுதிய செய்முறையில் இந்த எச்சரிக்கை இருக்காது, அவர்களுக்கு அது பெரிய தொல்லையாகத் தோன்றியிருக்காது. நம் ஊரில் ஆய்வு செய்பவர் டப்பாவைச் சட்டென்று மூடவும், தூளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும், அன்றைய ஈரப்பதத்தைக் குறிப்பேட்டில் எழுதவும் முதல் வருடத்திலேயே பழக வேண்டும்.

உலையும் அப்படித்தான். ஆயிரம் டிகிரி வேண்டுமென்றால் பொத்தானைத் திருகி ஆயிரத்தில் வைத்துவிட முடியாது. நிமிடத்துக்கு 5 டிகிரி என்று மெல்ல ஏற்றி, அதே போல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் பீங்கான் குழாய் விரிசல் விடும். சுடு கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய கதை. நிமிடத்துக்கு 5 என்றால் ஆயிரத்தைத் தொட மூன்று மணி நேரத்துக்கு மேல். இடிமழை வந்து மின்சாரம் போனால் அன்றைய நாள் அதோடு சரி.

ஆபத்தான வேலையா? அம்மாக்கள் எல்லோரும் கேட்பது இதுதான்.

ஆபத்து உண்டு. அதனால்தான் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் ஆய்வகச் சாவி தரமாட்டார்கள். மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. எக்ஸ்ரே கருவிகள் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

பயிற்சியில் சொல்வதில் பாதி, படித்தவர்களுக்கே தெரியாத விஷயம். திரவ நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 196 டிகிரி. கையில் பட்டால் உறைந்துபோகும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். பெரிய ஆபத்து வேறு. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் அது மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும், மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. ஆகவே நைட்ரஜன் கலனோடு மனிதர் லிஃப்டில் ஏறக்கூடாது. கலனை மட்டும் லிஃப்டில் அனுப்பிவிட்டு, நாம் படியேறிப் போய் மேலே வாங்கிக்கொள்வோம். முதல் தடவை பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இன்னொன்று. நீர்த்ததாக இருந்தால் பட்டவுடன் வலிக்காமலும் போகலாம், மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும், அதற்குள் உள்ளே போய்ச் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியாதவர் அந்தப் பாட்டிலைத் தொடக்கூடாது. நான் ஒரு தடவையும் தொடவில்லை, தேவைப்படாத ஆய்வாக எடுத்துக்கொண்டதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். பூச்சிமருந்து டாங்கியை முதுகில் சுமந்து, முகமூடி இல்லாமல் களைக்கொல்லி அடித்த தலைமுறை நம் வீட்டிலேயே இருக்கிறது. அந்த வேலையோடு ஒப்பிட்டால் ஆய்வகம் பத்திரமான இடம்.

எக்ஸ்ரே, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எல்லாம் முதல் வருடத்திலேயே தொட விடுவார்களா?

விடுவார்கள், ஆனால் வரிசை. முதலில் பார்க்க வேண்டும், பிறகு தொழில்நுட்பர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும், அப்புறம்தான் தனியாக. சில இடங்களில் விலை உயர்ந்த கருவிகளைத் தொழில்நுட்பர் மட்டுமே இயக்குவார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம் இடது பக்கம், என்சேக்' (மலாயில் ஐயா) என்று சொல்லலாம்.

இரண்டு கருவிகளைத் தெரிந்துகொண்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று. ஒன்று எக்ஸ்ரே விளிம்பு விளைவு, எக்ஸ்ஆர்டி என்பார்கள். தூள்மேல் எக்ஸ்ரே அடித்தால், அணுக்களின் அடுக்கு இடைவெளிக்கு ஏற்றபடி சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். தாளில் அது மலைச் சிகரங்கள் மாதிரி தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிகர வரிசை, கைரேகை போல. இதன் கணக்கைப் போட்ட பிராக், அப்பாவும் மகனுமாக 1915இல் நோபல் பரிசு வாங்கினார்கள். மகனுக்கு வயது 25.

இன்னொன்று எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். மின்சாரம் கடத்தாத மாதிரியை அப்படியே உள்ளே வைத்தால் எலக்ட்ரான்கள் மேலே தேங்கி, படம் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். அதனால் சில நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசுவார்கள். 'தங்கம் பூசினேன்' என்று வீட்டில் சொன்னபோது பாட்டி, எவ்வளவு பவுன் என்று கேட்டார். ஒரு தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு, பாட்டி.

எக்ஸ்ஆர்டியில் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏழாவது மாதம். என் துத்தநாக ஆக்சைடில் வேறொரு உலோகத்தைக் கொஞ்சம் கலந்திருந்தேன். தாளில் 31.8, 34.4, 36.3 டிகிரியில் வழக்கமான மூன்று சிகரங்கள். அவற்றுக்குப் பக்கத்தில், எந்தக் கட்டுரையிலும் இல்லாத இரண்டு புதிய சிகரங்கள், 38.5இலும் 44.7இலும். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. புதிய சேர்மம் பிறந்துவிட்டது என்று முடிவு செய்து, அதற்கு ஒரு பெயரும் மனத்துக்குள் வைத்துவிட்டேன். காலையில் தொழில்நுட்பரிடம் தாளை நீட்டினேன். முப்பது வருடம் அந்தக் கருவியோடு வாழ்ந்தவர். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மலாயில் ஒரே கேள்வி கேட்டார்: தூள் எவ்வளவு வைத்தாய்? கரண்டி நுனி அளவு, என்றேன். தட்டைக் கையில் எடுத்து மேசையில் 'டொக்' என்று தட்டினார். அலுமினியத் தட்டு. தூள் போதாமல் எக்ஸ்ரே அடியில் இருந்த தட்டில் பட்டுத் திரும்பியிருக்கிறது. நான் பெயர் வைத்தது தட்டுக்கு.

இந்த மாதிரிக் கதைகளில் எனக்குப் பிடித்த ஆள் இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மன். 1982 ஏப்ரல் 8 அன்று, அலுமினியமும் மாங்கனீசும் கலந்த உலோகத்தில், படிகத்தில் வரவே கூடாது என்று புத்தகங்கள் சொன்ன பத்து மடங்குச் சமச்சீரைக் கண்டார், அதாவது வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு திருப்பினாலும் அதே மாதிரி தெரியும் அமைப்பு. குறிப்பேட்டில் '10 மடங்கு' என்று எழுதிப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார். வேறு சாதாரண காரணம் இருக்குமா என்று அன்றே தேடினார். பலர் நம்பவில்லை. கட்டுரை 1984இல்தான் வெளிவந்தது, நோபல் பரிசு 2011இல். அவருடைய அலுமினியம் உண்மை, என்னுடையது தட்டு. ஆனால் இருவரும் போட வேண்டிய கேள்விக்குறி ஒன்றே. நான் போடவில்லை.

கட்டுரைகள் வாசிப்பது எப்படி? ஆயிரக்கணக்கில் இருக்கிறதே.

எல்லாவற்றையும் வாசிக்க முடியாது. முதலில், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் நல்ல மறுஆய்வுக் கட்டுரைகள் இரண்டு மூன்றை மெதுவாக வாசியுங்கள். மற்றவற்றில் படங்களையும் அட்டவணைகளையும் முதலில் பாருங்கள், பிறகு செய்முறைப் பகுதி, கடைசியில்தான் அவர்கள் தங்களைப் புகழ்ந்துகொள்ளும் பகுதி. வாசித்ததை ஸோட்டேரோ, மெண்டலே மாதிரி ஒரு மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேருங்கள். மூன்றாம் வருடத்தில் 200 மேற்கோளைக் கையால் திருத்துவது நரகம்.

முக்கியமாக, ஒரே கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, அதில் சொன்னபடி நீங்களே செய்து பாருங்கள். அதே முடிவு வருகிறதா? வராது. ஏன் வரவில்லை என்று தேடும் மூன்று வாரத்தில் மூன்று மாத வாசிப்பின் பலன் கிடைக்கும்.

நேர்மைப் பயிற்சி என்று ஒரு பட்டறை வைக்கிறார்களே, நாமென்ன திருடர்களா?

நானும் அப்படித்தான் முணுமுணுத்தேன். பிறகு யான் ஹென்ட்ரிக் ஷோன் கதையைச் சொன்னார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த இளம் ஆய்வாளர், சில நாட்களுக்கு ஒரு கட்டுரை என்ற வேகத்தில் எழுதினார், நோபல் வாங்கிவிடுவார் என்ற பேச்சு. பிறகு யாரோ கவனித்தார்கள்: வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட, அந்தக் குட்டிக் குட்டி நடுக்கம்கூட, ஒரே மாதிரி. இயற்கையில் இரைச்சல் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. 2002இல் விசாரணைக் குழு 16 குற்றச்சாட்டுகளை உறுதி செய்தது, வேலை போனது. குறிப்பேடுகளைக் கேட்டபோது முறையாக எழுதிய குறிப்பேடே இல்லை, மூலத் தரவுகளைக் கணினியில் இடமில்லாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார்.

நம் அளவில் திருட்டு இவ்வளவு பெரிதாக இருக்காது. ஐந்து துண்டு ரப்பரை இழுத்துப் பார்த்ததில் ஒன்று மோசமாக அறுந்துவிட்டது, அதை விட்டுவிடலாமா? அங்கேதான் தொடங்கும். விடலாம், காரணம் இருந்தால், காரணத்தை எழுதினால். காரணம் 'கணக்கு அழகாக வரவில்லை' என்றால் விடக்கூடாது.

எஸ்வி கடுமையானவராக இருந்தால்?

எஸ்வி என்பது மேற்பார்வையாளர். முதல் வருடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரியது இவரைத் தேர்ந்தெடுப்பதுதான், அதுவும் பதிவு செய்வதற்கு முன்பே. அவருடைய புகழைப் பார்க்காதீர்கள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரைக் கூட்டிப்போய் தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒரு முறை பார்ப்பாரா, எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார், முந்தைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் பதில்தான்.

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆசிரியர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். 'ஐயா சொல்லிட்டாரு' என்று தோட்டத்தில் வளர்ந்த பழக்கம். பிஎச்டியில் அது உதவாது. ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும், பேசியதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள்: இன்று இதைச் செய்ய ஒத்துக்கொண்டோம், அடுத்த சந்திப்பு இந்த நாள். மரியாதைக்கும் குறைவில்லை, ஆறு மாதம் கழித்து 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்ற பேச்சும் வராது.

புரோபோசல் டிஃபென்ஸில் என்ன கேட்பார்கள்?

மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் பாதி வெற்றி. இதில் புதிது என்ன? ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் கலக்காத சாதாரண மாதிரி எங்கே? இந்த முறை பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வாய்? மூன்றாவதற்குத்தான் பலரும் முழிப்பார்கள். நான் முழித்தேன். 'பலிக்கும்' என்று சொன்னேன். குழுவில் இருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, பலிக்காது, யோசித்துவிட்டு வா, என்றார். திருத்தங்களோடுதான் தேறினேன். திருத்தம் வாங்குவது தோல்வி இல்லை, அதுதான் வழக்கம்.

வெளிநாட்டிலும் இப்படித்தானா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் முனைவர் பயிற்சி மையங்கள் என்று இருக்கின்றன. நான்கு வருடத் திட்டம், ஒரே வருடம் சேர்ந்தவர்கள் ஒரு குழுவாகப் படிப்பார்கள், முதல் வருடத்தில் வகுப்புகளும் குறும் ஆய்வுகளும் இருக்கும். அமெரிக்காவில் தொடக்கத்தில் நிறைய வகுப்பு, அதன் பிறகு தகுதித் தேர்வு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள். ஜெர்மனியில் பலர் சம்பளம் வாங்கும் ஆய்வு ஊழியராகவே சேர்கிறார்கள்.

எனக்குக் கேட்டால் குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் முறைதான் நல்லது. தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. இங்கே அது இல்லையென்றால் நீங்களே நாலு பேரைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கட்டுரையை வாசித்துப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு மமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

பலருக்கும் எஸ்வியின் ஆய்வு நிதியிலிருந்து ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் மாதப் படி கிடைக்கும். அந்தப் பணம் பெரும்பாலும் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசு மானியங்களிலிருந்து வருவது. உபகாரச் சம்பளத் திட்டங்களும் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் ஆண்டில் உயர்கல்வி அமைச்சின் அறிவிப்பைப் பாருங்கள். தொழிற்சாலைக்குப் போன உங்கள் நண்பன் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் வரும், இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சேரும் முன் கேளுங்கள்: கட்டணம் யார் கட்டுவது, மானியம் எத்தனை மாதத்துக்கு, அது தீர்ந்தபின் என்ன, கருவிகளுக்கு மணிக் கணக்கில் வசூலிக்கும் தொகை யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் சேர்ந்து, மாதிரி பார்க்கக் காசில்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தெரியும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் தடையாகுமா?

பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும். எழுத்துக்குத்தான் உழைப்பு வேண்டும். தினமும் அரைப் பக்கம், அன்று செய்ததை. அவ்வளவுதான்.

மலாய் நன்றாகப் பேசத் தெரிந்திருப்பது தனி லாபம். தொழில்நுட்பர்கள், கடைக்காரர், பாதுகாவலர் எல்லோரும் மலாயில்தான். கருவியின் உண்மையான குறைகள் கையேட்டில் இருக்காது, அவர்கள் வாயில்தான் இருக்கும்.

வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாமா?

நிபோங் திபால் மக்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001இல் பேராக்கிலிருந்து இங்கே ஸ்ரீ அம்பாங்கானுக்கு வந்துவிட்டது. பொருள், கனிமவளப் பொறியியலுக்கென்றே அங்கே ஒரு புலம் இருக்கிறது. மோட்டாரில் போகும் தூரம். வேலி ஓரமாக எத்தனையோ தடவை போயிருப்போம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை.

ஆனால் வீட்டிலிருந்து போகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. பகலில் வீட்டில் உட்கார்ந்து வாசித்தால், சும்மா இருக்கிறான் என்று கோவில் வேலை, காஸ் தோம்பு (சிலிண்டர்) தூக்கும் வேலை, அத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வேலை எல்லாம் வந்து சேரும். உலை எட்டு மணி நேரம் ஓடும் நாட்களை முன்கூட்டியே சமையலறை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். திருவிழா நாட்களையும் எஸ்வியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடித்தால் என்ன வேலை?

பல்கலைக்கழகம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1972இல் இன்டெல் பாயான் லெப்பாசுக்கு வந்ததிலிருந்து பினாங்கில் சிப் தொழில் வளர்ந்துவருகிறது. கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவான், 2014இல் பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்தபின் தொழிற்சாலை ஊராகிவிட்டது. அங்கே சிப் ஏன் கெட்டது என்று தேடும் பிரிவில் நான் மேலே சொன்ன கருவிகளைத்தான் இரவு பகலாக ஓட்டுகிறார்கள். கையுறைத் தொழிற்சாலைகளுக்கும் ரப்பர் தெரிந்தவர்கள் வேண்டும்.

நடுவில் விட்டுவிட்டால் அவமானமா?

இல்லை. முதல் வருடம் அதற்கும்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று பத்தாவது மாதம் தெரிந்தால், நான்காவது வருடம் தெரிவதைவிட எவ்வளவோ நல்லது. பல இடங்களில் பிஎச்டி பதிவை மாஸ்டருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, அலுவலகத்தில் கேளுங்கள். என்னோடு சேர்ந்தவர் ஒருவர் முதல் வருட முடிவில் வெளியேறி இப்போது மின்கல நிறுவனத்தில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் என்னைவிட நல்ல காரில் வருகிறார்.

டாக்டர் ஆனபின் ஊசி போடுவீர்களா?

மாட்டேன், பாட்டி. ஊசி எந்த உலோகத்தில் செய்தது, ஏன் துருப்பிடிக்காது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதல் நாள் என்ன கொண்டு போகணும்?

விரலை மூடும் காலணி. சிலிப்பர் போட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், எனக்கு நடந்தது. நீளக் கால்சட்டை, நீள முடி என்றால் கட்டிக்கொள்ள ஏதாவது. மடிக்கணினி அடுத்த வாரம் போதும்.

அப்புறம், தாள் கிழிக்க முடியாதபடி தைத்த குறிப்பேடு ஒன்று, பக்க எண் போட்டது. பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், அழித்த எண்ணும் தெரிய வேண்டும். என்னுடைய முதல் குறிப்பேட்டில் 2.0013, 2.0021, 2.0034 மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலிருக்கும் இரண்டும் அடித்தபடி இன்னும் இருக்கின்றன. ஓரத்தில் 'மழை' என்று எழுதியிருக்கிறேன்.